மாசி போடாத சம்பல்

அக்கா,

என் தம்பி மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளுக்கு மிட்டாய், எனக்குக் கால்வலித் தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கடைசியில் துணிக்குள் சுற்றி ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே செக்கச்செவேலென்று ஒரு விழுது. "சோத்துக்குத் தொட்டுக்கிட்டுப் பாருக்கா. அங்கன எல்லாத்துக்கும் இதுதான்" என்றான். மூடியைத் திருகினேன். மிளகாயும் கருவாட்டு வாடையும் ஒன்றாக எழுந்து முகத்தில் அடித்தன. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் இங்கிலீஷில் சம்பல் என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பாட்டிலை மூடி வைத்து, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னக்கா ஆச்சு?" என்று பின்னாலேயே வந்தான். தலைவலி என்றேன். அது பொய்யும் இல்லை. இப்போதெல்லாம் காலையில் எழும்போதே தலைபாரத்தோடுதான் எழுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இதை உங்களுக்கு எழுதி எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்துக்கு நீங்கள் சமையலராக வந்தபோது, நான் அமைப்பாளராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அலைந்து கிடைத்த வேலை. நீங்கள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றேன். நீங்கள் முதல் நாளே டீச்சர் என்றீர்கள். பாடம் எடுப்பவள் நானில்லை, பதிவேடு எழுதுபவள்தான் என்று எத்தனையோ முறை சொன்னேன். "பேனா பிடிக்கிறவுக எல்லாரும் எனக்கு டீச்சர்தான்" என்று சிரித்துவிட்டீர்கள்.

ஊருக்கு நீங்கள் சிலோன்காரி. இலங்கை மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களுக்கென்று ஊருக்கு வெளியே கட்டிய வீட்டு வரிசையில் உங்கள் வீடு. வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் ஆக்கிப் போட்டுவிட்டு, நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்து உங்கள் தூக்கைத் திறப்பீர்கள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, எண்ணெய் இல்லாமல் கல்லில் சுட்ட தடித்த ரொட்டி இரண்டு. பக்கத்தில் சிவப்பாகச் சம்பல்.

"மாவு திங்கிற கூட்டம்" என்று ஊர்ப் பெண்கள் உங்கள் காதுபடவே சொல்வார்கள். நானும் ஒருநாள் சொன்னேன், அக்கா. "தினமும் இந்தக் காஞ்ச ரொட்டிய எப்படித்தான் திங்கிறீகளோ" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து, சம்பலில் அழுத்தி நீட்டினீர்கள். வாங்கித் தின்றேன். மிளகாயின் காரம் முதலில் வந்தது, அப்புறம் தேங்காயின் இனிப்பு, அதற்கும் அப்புறம் எலுமிச்சையின் புளிப்பு. இன்னொரு துண்டு கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.

"இது சரியான சம்பல் இல்ல டீச்சர். மாசி போட்டு இடிக்கணும். மாசின்னா மாலத்தீவுல இருந்து வர்ற கருவாடு, கட்டை மாதிரி இருக்கும். இங்கன அதுக்கு எங்க போறது? பள்ளிக்கூடத்துக்குக் கருவாடு கொண்டு வந்தா அதுக்கும் ஒரு பேச்சு வரும்" என்றீர்கள்.

அப்படித்தான் உங்கள் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. பாத்திரம் கழுவும்போது ஒரு துண்டு, அரிசி புடைக்கும்போது ஒரு துண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா புறப்பட்டது நம் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்துதான் என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழை பொய்த்த வருடம் ஒன்றில், கங்காணி வந்து ஆள் சேர்த்தபோது, கம்பங்கூழ் குடித்து வளர்ந்த மனிதர் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வரைக்கும் நடந்தே போயிருக்கிறார். வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் கம்பு கிடையாது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியை அளந்து கொடுத்தார்கள். அப்புறம் பெரிய சண்டை மூண்டு பர்மா அரிசி நின்றுபோனது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு கொடுத்தார்கள்.

"அதை என்ன செய்யுறதுன்னே தெரியலையாம் டீச்சர். எங்க அப்பாயி அதைக் கரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சி வச்சு, எல்லாருக்கும் வயித்த வலியாம். அப்புறம் பக்கத்து லயத்துல, அதான் கூலி வீட்டு வரிசையில, ஒருத்தி தேங்காயப் போட்டுச் சுட்டுக் காட்டியிருக்கா. காலையில ரெண்டு ரொட்டி, ஒரு கோப்பைத் தேத்தண்ணி. அம்புட்டுதான், கொழுந்து பறிக்க மலையேறிருவோம்."

எங்கள் 'இங்கன'வும் 'அம்புட்டு'ம் உங்கள் 'தேத்தண்ணி'யும் 'லயமு'ம் உங்கள் வாயில் சண்டையில்லாமல் கலந்து வரும். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று உங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட கதையையும் அதே குரலில்தான் சொன்னீர்கள். அங்கே போனது அரிசிக்காக. திரும்பி வந்தபோது கையில் இருந்தது மாவு. அந்த மாவுக்காக, புறப்பட்ட மண்ணே உங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வீடுகளிலும் அம்மாக்கள் காலத்தில் அரிசிச் சோறு நல்ல நாளில் மட்டும்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமை பட்டாசுக் கம்பெனியில் சம்பளம் வாங்கியதும் அதே ஆட்கள் சிவகாசிக்குப் போய்ப் புரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வருவார்கள். அதுவும் மாவுதானே என்று நான் ஒருநாள் கேட்டபோது, "அது கடை மாவு டீச்சர், இது சிலோன் மாவு" என்று நீங்கள் சொல்லி, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அந்த ஐப்பசிக்கு வருகிறேன், அக்கா. இத்தனை வரிகளும் அதைத் தள்ளிப்போடத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சீசன் உச்சம். விடியும் முன்பே கம்பெனி வேன்கள் வந்து பெற்றவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பாதிப் பிள்ளைகள் காலையில் எதுவும் தின்னாமல்தான் பள்ளிக்கு வரும். மத்தியானச் சாப்பாடுதான் அவர்களுக்கு அன்றைய முதல் சாப்பாடு. அந்த வருடம் மழையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அரிசி மூட்டைகளைச் சுவரோரம், உடைந்த ஓட்டுக்கு நேர்கீழே போட்டு வைத்திருந்தோம். "மூட்டைகளை நகர்த்தி வச்சிருவமா டீச்சர், மேல ஒழுகுது" என்று நீங்கள் இரண்டு முறை சொன்னீர்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று இரண்டு முறையும் சொன்னவள் நான்.

திங்கட்கிழமை மூட்டையைப் பிரித்தால் அரிசி கட்டி கட்டியாகப் பச்சை பூத்துக் கிடந்தது. நீங்கள் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய் உடனே கீழே போட்டீர்கள்.

"இதை ஆடுகூட மோந்து பாக்காது டீச்சர். பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட மாட்டேன்."

அன்றைக்கென்று சிவகாசியில் அமைப்பாளர்கள் கூட்டம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அறுபது பிள்ளைகள். "எங்க வரிசையில வீட்டுக்கு ரெண்டு படி மாவு இருக்கும். தேங்காயும் வாங்கிக்கிடலாம். ரொட்டி சுட்டுப் போட்டுரவா?" என்று கேட்டீர்கள்.

"செய்யுங்க அக்கா" என்றேன். சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன்.

அன்று நடந்ததை உதவியாளர் பெண்தான் எனக்குச் சொன்னாள். உங்கள் வரிசையிலிருந்து மூன்று பெண்கள் ரொட்டிக் கல்லும் கையுமாக வந்தார்களாம். மழைச் சாரலில் விறகு புகைய, நான்கு அடுப்பில் சுட்டீர்களாம். பிள்ளைகளுக்காக மிளகாயைக் குறைத்துச் சம்பலை வெளுப்பாக இடித்தீர்களாம். பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் அடுப்பைச் சுற்றி நின்று, சுடச்சுடப் பிய்த்துத் தின்றார்களாம். நான் பார்க்காத அந்தக் காட்சி என் கண்ணுக்குள் இருக்கிறது. நான் பார்த்தவை பல மறந்துவிட்டன.

சாயங்காலம் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கம்பெனியிலிருந்து வேன் வந்து இறங்கியதும் அவள் அம்மா செய்தி கேட்டு நேரே உங்கள் வீட்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர்.

"ஏலே, அந்தச் சிலோன்காரிய வெளிய வரச் சொல்லுங்கலே! எம்புள்ளைக்கு என்னத்தக் குடுத்த? சோறு போடச் சொன்னா உங்க ஊரு மாவையா குடுப்ப?"

பிள்ளைக்கு வந்தது வெறும் மழைக்காலக் காய்ச்சல். ரொட்டி தின்ற வேறு எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல்தான் என்று டாக்டர் மறுநாளே சொல்லிவிட்டார். அதற்குள் புகார் போய்விட்டது. மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் அறையில் நீங்களும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"அரிசி இருக்கும்போது ரொட்டி ஏன் போட்டீங்க? யார் அனுமதி கொடுத்தது?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி அரிசி முழுவதும் ஏன் கெட்டது என்று வரும். அதற்கு அடுத்து மூட்டையை ஏன் நகர்த்தவில்லை என்று வரும். எனக்கு என் பிள்ளைகள் இரண்டு பேரின் முகம்தான் தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"கெட்டது கொஞ்சம்தான், அதை ஒதுக்கிட்டு, நல்ல அரிசிய மட்டும் புடைச்சு ஆக்கச் சொல்லிட்டுத்தான் சார் கூட்டத்துக்குப் போனேன். ரொட்டி போட்டது எனக்குத் தெரியாது."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இத்தனை பாரம் இருந்திருக்காது. பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆளைப் பரிதாபத்தோடு பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் சொன்னீர்கள்:

"டீச்சர் சொல்றது சரிதான் சார். நானாத்தான் செஞ்சேன்."

உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த சீசனுக்குள் நீங்கள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து நிரப்பும் ஷெட்டில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டு வரிசை வழியாகப் போகிற பாதையை விட்டுவிட்டு, குளத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வரிசையில் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "டீச்சர், எங்க பக்கம் வர்றதே இல்லையே. பாதை மறந்துபோச்சா?" என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்கள். கோப்பையை நீட்டியபோதுதான் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கிலும் நகக் கண்ணிலும் ரேகைகளிலும் அலுமினியப் பவுடர் வெள்ளிபோல ஏறிக் கிடந்தது. 

நான் அழுதுவிட்டேன். செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் முடிக்கவிடவில்லை.

"அழாதீக டீச்சர். அன்னைக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும். உங்களுக்கு வேற வேலை தெரியாது. எனக்கு எந்த வேலையும் தெரியும். அதான்."

இதை இவ்வளவு எளிதாகச் சொன்னீர்கள். நான் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, ரொட்டி சுடுங்களேன் என்று கேட்டேன். கையை விரித்துப் பார்த்துக்கொண்டீர்கள். "இந்தக் கையால மாவு பிசையுறதில்ல டீச்சர். எம்புட்டுத் தேச்சாலும் போகல. வயித்துக்குள்ள போயிருமோன்னு பயம். நீங்க பிசைங்க, நான் கல்லைப் பாத்துக்கிடுதேன்."

நான் பிசைந்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது. ரொட்டி உள்ளே வேகாமல் வெளியே கருகியது. நீங்கள் மிச்சம் வைக்காமல் தின்றீர்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தேன். நான் பிசைய, நீங்கள் சுட, இருவரும் தின்போம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் செய்தியையும் சொன்னீர்கள். அன்று உங்கள் வாசலில் வந்து கத்திய அந்தத் தாய், கம்பெனியில் உங்களுக்குப் பக்கத்து ஷெட்டாம். சீசன் நெருக்கத்தில் அவளுக்குச் சோறாக்க நேரமில்லாமல் வெறும் தூக்கோடு வந்திருக்கிறாள். உங்கள் வரிசைப் பெண் ஒருத்தி சுட்டுக் கொடுத்த ரொட்டியில் பாதியை நீங்கள் அவள் பக்கம் தள்ளியிருக்கிறீர்கள். "திங்க மாட்டான்னு நெனச்சேன் டீச்சர். தின்னா. தின்னுட்டு, நாளைக்கும் கொண்டாங்கன்னு சொல்றா" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவள் மன்னிப்புக் கேட்டாளா என்றேன். "அதெல்லாம் என்னத்துக்கு? பசிச்சிருக்கு, தின்னா" என்றீர்கள்.

அந்த நாட்களில்தான் தம்பி மலேசியாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். போனில் பேசும்போது, அங்கேயும் மிளகாய் விழுதைச் சம்பல் என்றுதான் சொல்கிறார்கள் என்றான். நம் புரோட்டாவை அங்கே ரொட்டி என்கிறார்களாம். உங்களிடம் சொன்னேன். "சம்பல்னா மலைநாட்டுச் சொல்லுன்னுல்ல நெனச்சேன். அப்ப அதுவும் எங்களை மாதிரி யாரோ கப்பல்ல கொண்டாந்ததுதானா?" என்று கேட்டீர்கள். வெள்ளைக்காரன் சிப்பாய் வேலைக்கென்று இலங்கைக்குக் கூட்டிவந்த மலாய்க்காரர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்று கடை முதலாளி சொன்னதாகத் தம்பி பிறகு சொன்னான். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. "பரவாயில்ல, கூட வந்ததுதான்" என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் உங்களுக்கு இருமல் பிடித்தது. மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போனீர்கள். மார்கழியில் மூச்சு விட முடியாமல் ஆசுபத்திரியில் சேர்த்தோம். நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். மூட்டையை நகர்த்தாதது நான், ரொட்டி சுடச் சொன்னது நான், விசாரணையில் பொய் சொன்னது நான் என்று எல்லாவற்றையும் எழுதினேன். உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "எழுத்து நல்லா இருக்கு டீச்சர்" என்றீர்கள். இருமல் அடங்கும்வரை காத்திருந்து, "இதைக் குடுத்தா உங்களை நிப்பாட்டிருவாக. உங்க சின்னவ படிப்பு முடியட்டும்" என்றீர்கள்.

மூச்சுக்கே வழியில்லாத நிலையிலும் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நானும் மறுபடி உங்கள் பேச்சைச் சாக்காக எடுத்துக்கொண்டு, மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். கோயம்புத்தூர் மில்லிலிருந்து உங்கள் மகள் வந்து சேரச் சாயங்காலம் ஆனது. காத்திருந்த கூட்டத்தில், கத்திய அந்தத் தாயும் வேலைக்குப் போகாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் இந்தச் சித்திரையோடு படிப்பை முடித்துவிட்டாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மனுவின் அடியில் நீங்கள் இறந்ததையும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொண்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சத்துணவு அலுவலகத்துக்குப் போனேன். இப்போது இருக்கும் அதிகாரி புதியவர், வயதில் இளையவர். மனுவை இரண்டு முறை படித்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"அந்தம்மா தவறிட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பழைய விஷயம். இதனால இனிமே யாருக்கும்மா என்ன பிரயோசனம்? எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"அவுக போயிட்டாக சார். நான் இன்னும் இருக்கேன்ல" என்றேன்.

மனுவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு மணியடித்து ஆளைக் கூப்பிட்டு, மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்து, பஸ்ஸுக்காக ஒரு கடை நிழலில் உட்கார்ந்தேன்.

பதில் இன்னும் வரவில்லை. வேலை போகலாம். எச்சரிக்கையோடு விடலாம். எதுவும் செய்யாமல் கட்டுக்குள் போட்டும் வைக்கலாம். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. உங்களை நிறுத்திய உத்தரவு வரும்வரை, உங்கள் வரிசைக்குள் தபால்காரர் நுழைந்த ஒவ்வொரு நாளும் உங்களுக்கும் இப்படித்தான் அடித்திருக்கும். எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது, அக்கா.